ஜேர்மன் பசுமைக் கட்சியின் வாக்கு ஏறுவதும் இறங்குவதும் எதனால்?

வாசகர் கேள்வி, 25 பெப்ரவரி 2025

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஜேர்மன் பொதுத் தேர்தலில் பசுமைக் கட்சி 11.6 வீதத்துக்கு இறங்கிவிட்டது. என் கணிப்பில் அது பேரிடரால் வாழும் கட்சி. செர்னோபில் அணு உலை வெடித்தபோது வளர்ந்தது. ஃபுகுஷிமா வெடித்தபோது மாநில ஆட்சியைப் பிடித்தது. பேரிடர் இல்லாத காலத்தில் அதற்கு வேலையில்லை. நீண்ட காலமாக அங்கே வாழ்பவர்கள் இதை மறுப்பார்களா?

26 பெப்ரவரி 2025

நான் 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவன். இப்போது ஸ்டுட்கார்ட்டுக்கு அருகில் வசிக்கிறேன். உங்கள் கணிப்போடு இன்றைக்குப் பாதி உடன்படுகிறேன்.

1986 மே மாதத் தொடக்கத்தில் நாங்கள் பதினொரு பேர் தெற்கு ஜேர்மனியின் ஓர் அகதி விடுதியில் இருந்தோம். ஒருவருக்கும் மொழி சரியாகத் தெரியாது. விடுதிக்கு வந்துபோகும் சமூக சேவகி, பால் வேண்டாம், கீரை வேண்டாம், மழையில் நனைய வேண்டாம் என்று கைகளால் காட்டிச் சொன்னார். தெருமுனையில் இருந்த சிறுவர் விளையாட்டுத் திடலின் மணல் தொட்டிக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். குண்டுக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இந்த ஊர்க்காரர்கள் பயப்படுவதை அப்போதுதான் கண்டோம். மாதக் கடைசியில் சந்தைக்கு முன்னால் பசுமைக் கட்சியின் சின்னமான சூரியகாந்திப் பூப் பதித்த துண்டுப் பிரசுரம் ஒன்றை என் கையில் தந்தார்கள். அந்தக் கட்சியை நான் அறிந்தது அந்தப் பயத்தின் வழியாகத்தான். ஆகவே பேரிடர்தான் அதை வளர்த்தது என்று நெடுங்காலம் நானும் நம்பியிருந்தேன்.

27 பெப்ரவரி 2025

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. நினைவில் இருப்பதை மட்டும் வைத்து எழுதியது பிழை.

செர்னோபில் விபத்து நடந்து ஏழு வாரங்களில், 1986 ஜூன் 15 அன்று, கீழ்ச் சாக்சனி மாநிலத்தில் தேர்தல் நடந்தது. அணுக்கழிவைப் புதைக்க அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த கோர்லெபன் இருப்பது அந்த மாநிலத்தில்தான். ஐரோப்பா முழுவதும் கதிர்வீச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் பசுமைக் கட்சிக்குக் கிடைத்தது 7.1 வீதம், நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே மாநிலத்தில் அது 6.5 வீதம் பெற்றிருந்தது. அரை வீதத்துக்குச் சற்று மேலான ஏற்றம், அவ்வளவுதான். அணுமின்சாரத்தை ஆதரித்த கிறிஸ்தவ ஜனநாயகக் கூட்டணி ஓர் ஆசனப் பெரும்பான்மையோடு ஆட்சியில் நீடித்தது. 1987 ஜனவரிப் பொதுத் தேர்தலில் கட்சி 5.6இலிருந்து 8.3 வீதத்துக்கு உயர்ந்தது உண்மைதான். அதில் செர்னோபிலுக்கும் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘வெடித்தது, வளர்ந்தது’ என்று சொல்லும் அளவுக்குக் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

2 மார்ச் 2025

தொடக்கத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கட்சி பிறக்கும் முன்பே அதன் அடித்தளத்தைப் போட்டது எந்த வெடிப்பும் அல்ல, கட்டப்படாத ஓர் அணுமின் நிலையம்தான். ரைன் ஆற்றங்கரையில் வீல் என்ற சிற்றூரில் அது வரவிருந்தது. பக்கத்தில் இருப்பது கைசர்ஸ்டூல் மலைச்சரிவுகள், முழுவதும் திராட்சைத் தோட்டங்கள். குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி வெயிலை மறைத்துத் திராட்சையைக் கெடுத்துவிடும் என்று விவசாயிகள் அஞ்சினார்கள். 1975 பெப்ரவரியில் அவர்கள் கட்டுமான நிலத்தில் புகுந்து உட்கார்ந்தார்கள். காவல்துறை அப்புறப்படுத்தியது, மூன்றே நாட்களில் பல்லாயிரம் பேராகத் திரும்பி வந்தார்கள். நிலையம் கட்டப்படவேயில்லை, அந்த நிலம் இன்று இயற்கைக் காப்பகமாக இருக்கிறது.

என்னோடு தொழிற்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே வரிசையில் வேலை செய்த நண்பர் அந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரரின் மகன். வாழ்நாள் முழுவதும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்த தன் தகப்பனார், அந்தக் காட்டில் பல்கலைக்கழக மாணவர்களோடு நெருப்பு மூட்டிச் சூப் காய்ச்சிக் குடித்ததைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். கட்சி எந்தக் கலவையிலிருந்து வந்தது என்பதை அந்த ஒரு காட்சி காட்டிவிடும். 1980 ஜனவரி 12, 13 ஆகிய நாட்களில் கார்ல்ஸ்ரூஹ நகரில் கூடியவர்களில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைவிட்டு வெளியேறிய பாராளுமன்ற உறுப்பினர் ஹெர்பெர்ட் குரூல் இருந்தார். மாவோ பெயரைச் சொல்லி வளர்ந்த இடதுசாரிகள் இருந்தார்கள். விவசாயிகளும் பெண்ணியவாதிகளும் அமைதி இயக்கத்தவரும் இருந்தார்கள். சூழலியல், சமூக நீதி, அடித்தள ஜனநாயகம், வன்முறை மறுப்பு என்ற நான்கு தூண்களில் அவர்கள் உடன்பட்டார்கள். குரூல் போன்ற பழைமைவாதிகள் விரைவிலேயே வெளியேறி வேறு கட்சி தொடங்கினார்கள்.

4 மார்ச் 2025

ஒரு வாசகர், இப்படிப்பட்ட கலவை எப்படி ஒட்டிக்கொண்டது என்று கேட்டிருக்கிறார். கொள்கையை மட்டும் காரணம் சொல்வது போதாது, தேர்தல் விதிகளையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள்: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிப் பட்டியலுக்கு. ஆசனங்களைத் தீர்மானிப்பது இரண்டாவது வாக்கு, ஆனால் 5 வீதத்தைத் தாண்டாத கட்சிக்குப் பொதுவாக ஒன்றும் கிடைக்காது. அந்தக் கோடு தனித்தனிக் குழுக்களைச் சேர்ந்து நிற்கும்படி நிர்ப்பந்தித்தது. 1979 ஐரோப்பியத் தேர்தலில் கட்சியாகப் பதியப்படாத ஒரு பசுமைக் கூட்டுப் பட்டியல் 3.2 வீதம் பெற்றது. ஆசனம் இல்லை, ஆனால் தேர்தல் செலவு ஈடாக ஏறத்தாழ 45 இலட்சம் மார்க் அரசிடமிருந்து கிடைத்தது. கட்சியைக் கட்டியெழுப்பிய முதற்பணம் அதுவே. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரேமன் மாநில சபைக்குள் ஒரு பசுமைப் பட்டியல் 5.1 வீதத்தோடு மயிரிழையில் நுழைந்தது.

பிரித்தானியாவை ஒப்பிட்டுப் பாருங்கள். 1989 ஐரோப்பியத் தேர்தலில் அங்குள்ள பசுமைக் கட்சிக்கு இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள், ஏறத்தாழ 15 வீதம், கிடைத்தன. தொகுதிக்கு ஒருவர் என்ற முறையினால் ஓர் ஆசனமும் இல்லை. ஜேர்மனியில் பசுமைக் கட்சி ஒரு தொகுதியை நேரடியாக வென்றது 2002இல்தான். பெர்லினில் ஹான்ஸ் கிறிஸ்டியான் ஷ்ட்ரோபெல. தொகுதி முறை மட்டும் இருந்திருந்தால் முதல் இருபத்திரண்டு ஆண்டுகளும் இந்தக் கட்சிக்குப் பாராளுமன்றமே இல்லை.

5 மார்ச் 2025

1983 மார்ச் பொதுத் தேர்தலில் 5.6 வீதம், 27 பேரும் மேற்கு பெர்லினிலிருந்து ஒருவருமாகப் பாராளுமன்றத்துக்குள் போனார்கள். அமில மழையில் பட்டுப்போன மரக்கிளையையும் பூச்சாடிகளையும் தூக்கிக்கொண்டு அப்போதைய தலைநகரான பொன் (Bonn) நகரத் தெருவில் நடந்துபோன அந்தப் படம் இன்றும் பலர் மனத்தில் இருக்கிறது. ஒருவரும் பதவியில் வேரூன்றிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு ஆண்டுகளில் ஆசனத்தைப் பின்னால் நிற்பவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான பெட்ரா கெலி மறுத்தார். உலகமே அறிந்த முகமாக இருந்த அவரை அதற்காகக் கட்சி மெல்ல ஒதுக்கியது. 1992இல் அவர் தம் துணைவர் கேர்ட் பாஸ்டியானால் சுட்டுக் கொல்லப்பட்டார். பாஸ்டியான் தம்மையும் சுட்டுக்கொண்டார். சுழற்சி விதி நல்ல எண்ணத்தில் பிறந்தது என்பதை ஏற்கிறேன். ஆனால் தன் மிகச் சிறந்த குரலையே சந்தேகித்த கட்சி அது என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

9 மார்ச் 2025

1990ஐப் பற்றி என்னிடம் கேட்டிருந்தால், பெர்லின் சுவர் விழுந்த மறு ஆண்டில் ‘எல்லாரும் ஜேர்மனியைப் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம்’ என்று சுவரொட்டி ஒட்டினார்கள், மக்கள் தண்டித்துவிட்டார்கள் என்று சொல்லியிருப்பேன். ஒன்றிணைந்த ஜேர்மனியின் அந்த முதல் தேர்தலில் மேற்குப் பசுமைக் கட்சி 4.8 வீதத்தோடு வெளியே நின்றது.

அது பாதிக் கதை. அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் 5 வீதக் கோடு கிழக்குக்கும் மேற்குக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கிழக்கில் குடிமக்கள் உரிமை இயக்கத்தினரும் கிழக்குப் பசுமையினரும் சேர்ந்த பட்டியல் 6 வீதத்துக்குச் சற்று மேலே பெற்று எட்டு ஆசனங்களை வென்றது. மேற்கின் கட்சி தேர்தலுக்கு முன்பே கிழக்கோடு ஒரே கட்சியாக இணைந்திருந்தால், கிழக்கில் தாண்டிய கோடே போதும், மேற்கில் விழுந்த வாக்குகளும் ஆசனங்களாகியிருக்கும். கிழக்கை விழுங்கிவிடக் கூடாது என்ற கொள்கைப் பிடிப்பினால் அவர்கள் காத்திருந்தார்கள். கிழக்குப் பசுமைக் கட்சியோடு இணைந்தது வாக்கெடுப்புக்கு மறுநாள்; கூட்டணி 90 என்ற குடிமக்கள் உரிமை இயக்கத்தோடு இணைந்தது 1993இல். கட்சியின் அதிகாரபூர்வப் பெயரில் அந்த 90 இன்றும் இருக்கிறது.

அந்தத் தோல்வி கட்சிக்குள் நடந்த சண்டையை முடித்துவைத்தது. ஆட்சியே வேண்டாம் என்ற ‘ஃபுண்டி’ அணி தளர்ந்தது. சமரசம் செய்து ஆள வேண்டும் என்ற ‘ரியாலோ’ அணி வென்றது. 1985இல் ஹெசன் மாநிலத்தில் வெள்ளை ஓட்டச் சப்பாத்தோடு அமைச்சராகச் சத்தியப் பிரமாணம் செய்த யோஷ்கா ஃபிஷர் அதன் முகமானார்.

14 மார்ச் 2025

இனி வருவது எனக்கு நெருக்கமானது, ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

1998 மார்ச்சில் மாக்டெபுர்க் மாநாட்டில், பெற்றோல் விலை படிப்படியாக லீற்றருக்கு 5 மார்க் ஆக வேண்டும் என்று கட்சி தீர்மானித்தது. அப்போது ஒரு லீற்றர் 1 மார்க் 60 அளவில் இருந்தது. மறுநாள் காலை எங்கள் தொழிற்சாலையின் இடைவேளை அறையில் வேறு பேச்சே இல்லை. நாற்பது கிலோமீற்றர் தூரத்திலிருந்து அதிகாலை முறைக்குக் கார் ஓட்டி வருபவருக்கு அந்தத் தீர்மானம் ஒரு மாதச் சம்பளக் கணக்காகத்தான் கேட்டது. அடுத்த மாதம் சாக்சனி அன்ஹால்ட் மாநிலத்தில் கட்சி 3.2 வீதத்துக்கு விழுந்து சபையிலிருந்து வெளியேறியது. இருந்தாலும் செப்டெம்பரில் 6.7 வீதத்தோடு சமூக ஜனநாயகக் கட்சியின் கூட்டாளியாக மத்திய ஆட்சியில் அமர்ந்தது.

அந்த அரசு கையிலெடுத்த முதல் வேலைகளில் ஒன்று குடியுரிமைச் சட்டம். அதுவரை இரத்த உறவே குடியுரிமை. இங்கே பிறந்த பிள்ளையும் வெளிநாட்டவர்தான். அதை மாற்றி, இரட்டைக் குடியுரிமையையும் அனுமதிக்க அரசு முனைந்தபோது கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி தெருக்களில் மேசை போட்டு எதிர்ப்புக் கையெழுத்து வாங்கியது. பத்து ஆண்டுகள் பக்கத்தில் நின்று வேலை செய்த ஒருவர் தானும் கையெழுத்துப் போட்டதாக என்னிடமே சொன்னார். ‘உனக்கு எதிராக அல்ல’ என்று தோளில் தட்டினார். 1999 பெப்ரவரி 7 அன்று ஹெசனில் அந்தக் கோபத்தின் நடுவே தேர்தல் நடந்தது. சமூக ஜனநாயகக் கட்சி சற்று ஏறவே செய்தது. விழுந்தது பசுமைக் கட்சி, 11.2இலிருந்து 7.2க்கு. ஹெசன் போனதும் மாநிலங்கள் அவைப் பெரும்பான்மையும் போனது. சட்டம் சமரசத்தோடு சுருங்கியது.

சுருங்கிய அந்தச் சட்டத்தினால்தான் 2000 ஜூனில் பிறந்த என் இளைய மகள் பிறக்கும்போதே ஜேர்மன் குடிமகள் ஆனாள். குடியுரிமைக்கு வேண்டிய வசிப்புக் காலம் பதினைந்து ஆண்டிலிருந்து எட்டாகக் குறைந்ததால் நானும் 2001இல் விண்ணப்பித்துப் பெற்றேன். இடையில் வந்த ‘பெரியவளானதும் ஒன்றைத் தெரிவு செய்’ என்ற நிபந்தனை 2014இல் பெரும்பாலும் நீங்கியது. இரட்டைக் குடியுரிமை முழுவதுமாகச் சட்டமானது 2024 ஜூனில், மீண்டும் பசுமைக் கட்சி அமர்ந்திருந்த ஓர் ஆட்சியில்.

வாசகரின் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் உருவாகிறது. இந்தக் கட்சியின் வாக்கு விழுவது அது எதையாவது செய்யப் புறப்படும்போது. விழுந்த வாக்கு திரும்பி வரலாம், வராமலும் போகலாம். இயற்றிய சட்டம் மட்டும் நிற்கிறது.

15 மார்ச் 2025

கொசோவோவைத் தவிர்க்கிறேன் என்று ஒருவர் குறை சொல்லியிருக்கிறார், நியாயமான குறை. வன்முறை மறுப்பைத் தூணாகக் கொண்ட கட்சியின் வெளியுறவு அமைச்சர் ஃபிஷர், 1999 கொசோவோ போரில் யூகோஸ்லாவியாமீது நேட்டோ நடத்திய குண்டுவீச்சில் ஜேர்மன் விமானங்கள் சேரச் சம்மதித்தார். பீலஃபெல்ட் மாநாட்டில் ஃபிஷர் மீது சிவப்புச் சாயப் பையை எறிந்தார்கள், செவிப்பறை கிழிந்தது. அந்தச் சாயத்தோடேயே அவர் பேசினார், மாநாடு 318க்கு எதிராக 444 வாக்குகளால் தலைமையை ஆதரித்தது. அடுத்த மாத ஐரோப்பியத் தேர்தலில் 6.4 வீதம், முந்தைய முறை 10.1.

நான் போரிலிருந்து வந்தவன். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய உடம்பு இது. அன்று தொலைக்காட்சி முன்னால் ஃபிஷரைத் திட்டினேன். இன அழிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று அவர் சொன்னதை, 2009 மே மாதத்தில் வன்னியிலிருந்து செய்தி வந்த நாட்களில் வேறு விதமாகக் கேட்டேன். இரண்டு நிலைகளையும் ஒன்றாக்க என்னால் இன்னும் முடியவில்லை.

18 மார்ச் 2025

இன்று, புதியது கூடுமுன், பழைய பாராளுமன்றம் கடன் வரம்பைத் தளர்த்த அரசியலமைப்பைத் திருத்தியது. மூன்றில் இரண்டு பங்குக்குப் பசுமைக் கட்சியின் வாக்கு தேவைப்பட்டது. 50,000 கோடி யூரோ உட்கட்டமைப்பு நிதியில் 10,000 கோடி காலநிலை நிதிக்கு என்றும், 2045க்குள் காலநிலைச் சமநிலை என்ற சொல் அரசியலமைப்பிலேயே இடம்பெற வேண்டும் என்றும் கேட்டுப் பெற்றார்கள். தேர்தலில் தோற்று மூன்று வாரங்கள்தான் ஆகின்றன. நான்கு நாட்களுக்கு முன் எழுதியதை மாற்றவேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

23 மார்ச் 2025

ஃபுகுஷிமாவுக்கு வருகிறேன். வாசகரின் வலுவான சான்று அது. அதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். விபத்து 2011 மார்ச் 11. பாடன்-வூர்ட்டம்பேர்க் தேர்தல் மார்ச் 27. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 11.7 வீதம் பெற்ற கட்சி 24.2 வீதம் பெற்றது. வின்ஃபிரீட் கிரெச்மன் ஜேர்மனியில் ஒரு மாநில ஆட்சிக்குத் தலைமை தாங்கிய முதல் பசுமைக் கட்சிக்காரர் ஆனார்.

ஆனால் நான் இந்த மாநிலத்தில் இருந்தவன். விபத்துக்கு ஆறு மாதங்கள் முன்பே தரை நகர்ந்திருந்தது. ஸ்டுட்கார்ட் மத்திய ரயில் நிலையத்தைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் ‘ஸ்டுட்கார்ட் 21’ திட்டத்துக்காக அரண்மனைப் பூங்காவின் முதிய மரங்களை வெட்ட வந்தார்கள். 2010 செப்டெம்பர் 30 அன்று பள்ளி மாணவர்கள் மீதும் முதியவர்கள் மீதும் தண்ணீர்ப் பீரங்கி பாய்ச்சப்பட்டது. பத்து வயதான என் மகளோடு மறுநாள் அந்தப் பூங்காவுக்குப் போனேன். மேலங்கி அணிந்த வங்கி அலுவலர்களும் தேவாலயத்துக்குப் போகும் கிழவிகளும் வேலிக்கு முன்னால் நின்று அழுததைக் கண்டேன். அவர்கள் இடதுசாரிகள் அல்லர்; வீல் காட்டில் உட்கார்ந்த தோட்டக்காரரின் வகையறா.

ஆட்சிக்கு வந்தபின் கிரெச்மன் அந்தத் திட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டார். 58.9 வீதத்தினர் மாநிலம் திட்டத்தைவிட்டு விலக வேண்டாம் என்றனர். தன் கட்சி எதிர்த்த ரயில் நிலையத்தை அவரே தொடர்ந்து கட்டினார். 2016இல் 30.3 வீதம், 2021இல் 32.6 வீதம். இந்த இரண்டு வெற்றிகளுக்கும் எந்த அணு உலையும் வெடிக்கவில்லை. அதேசமயம், ஃபுகுஷிமாவுக்குப் பின் நாடு தழுவிய கருத்துக் கணிப்பில் 20 வீதத்தைத் தாண்டிய கட்சி 2013 பொதுத் தேர்தலில் 8.4 வீதத்தில் நின்றது. அதற்குள் சான்சலர் (பிரதமர்) மெர்க்கல் அணுமின் நிலையங்களை மூட முடிவெடுத்துவிட்டார். பசுமைக் கட்சி வரி உயர்வையும் வாரத்தில் ஒரு நாள் இறைச்சியில்லா உணவகச் சாப்பாட்டையும் பேசிக்கொண்டிருந்தது. 1980களில் பெரியவர்கள் சிறுவரோடு கொள்ளும் பாலுறவைக் குற்றமல்ல என்று ஆக்கக் கேட்ட குழுக்களைக் கட்சி சகித்திருந்ததும் அந்தத் தேர்தல் காலத்தில் வெளிவந்தது. அந்த வெட்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

30 மார்ச் 2025

2021இல் அனலீனா பேர்பொக் கட்சியின் சான்சலர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட வாரங்களில் கட்சி கருத்துக் கணிப்பில் முதலிடம் பிடித்தது, கடைசியில் 14.8 வீதம், பொதுத் தேர்தல்களில் அதன் உச்சம். பிறகு மூன்று கட்சிக் கூட்டணி, உக்ரேன் போர், எரிவாயு நெருக்கடி, 2023இன் வெப்பமூட்டல் சட்டம்.

அந்தச் சட்டத்தின் வரைவு கசிந்த வாரம் என் பக்கத்து வீட்டு முதியவர் பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வந்து, தன் எரிவாயுக் கொதிகலனைக் கழற்றிவிடுவார்களா என்று கேட்டார். ஓடுகிற கொதிகலனை யாரும் தொடவில்லை. புதிதாகப் பொருத்துவது 65 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் இயங்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆனால் அரச உதவித்தொகை எவ்வளவு என்று அவருக்குச் சொல்ல அந்த வாரம் அமைச்சிடமும் பதில் இல்லை. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பசுமைக் கட்சி அமைச்சர் ரொபேர்ட் ஹாபெக் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இது அவருடைய பிழை. 78 வயதானவரிடம் முதலில் தொகையைச் சொல்லிவிட்டுத்தான் விதியைச் சொல்ல வேண்டும். 5 மார்க் பெற்றோலின் பாடம் இருபத்தைந்து ஆண்டுகளாக அங்கேயே கிடந்தது. மே மாதம் பிரேமனில் 17.4இலிருந்து 11.9க்கு இறங்கினார்கள்; 2024 செப்டெம்பரில் துரிங்கியாவிலும் பிராண்டன்பேர்க்கிலும் 5 வீதக் கோட்டுக்குக் கீழே போனார்கள்.

13 ஏப்ரல் 2025

கடைசியாக ஒன்று. 2021இல் பசுமைக் கட்சிக்கு வாக்களித்த என் இளைய மகள் இந்த முறை இடதுசாரிக் கட்சிக்கு வாக்களித்தாள். 18 முதல் 24 வயதுக்காரரிடையே அந்தக் கட்சியே முதலிடம் பெற்றது. ஆகவே அவள் தனியாக இல்லை. அகதிகளுக்கு எதிரான தீர்மானத்தைத் தீவிர வலதுசாரிகளின் வாக்கோடு நிறைவேற்றிய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் மெர்ஸோடு கூட்டணி இல்லை என்று ஹாபெக் திட்டவட்டமாகச் சொல்லவில்லை என்பது அவளுடைய காரணம். அவள் குடியுரிமை யாரால் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ‘அப்பா, அது எனக்குத் தெரியும். நன்றிக்காக வாக்குப் போட முடியாது’ என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை.

2005இல் எங்கள் கூரையில் சூரிய மின்தகடு பதித்தோம். பசுமைக் கட்சியின் 2000ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டப்படி ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 54 சதத்துக்கு மேல், இருபது ஆண்டுகளுக்கு மாறாத விலை. அந்தச் சட்டம் வந்த ஆண்டில் நாட்டின் மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்கது 6 வீதமளவில் இருந்தது. இப்போது பாதிக்கு மேல். எங்கள் ஒப்பந்தம் இந்த டிசம்பர் 31 அன்று முடிகிறது. தகடுகள் இன்னும் நன்றாகவே வேலை செய்கின்றன. அவற்றோடு மின்கலம் பொருத்தி, பழைய எரிவாயுக் கொதிகலனைக் கழற்றிவிட்டு வெப்பப் பம்பு வைக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். விலைப் பட்டியல்களை மகள்தான் ஒப்பிட்டுத் தருகிறாள்.